இரத்தினபுரியில் அக்காவுக்கு ஒரு முன்னறை

இரத்தினபுரி பஸ் நிலையத்தில் இறங்கியதும் அக்கா என் கையில் ஒரு பையைத் திணித்தாள். உள்ளே அவளுடைய நல்ல செருப்பு இருந்தது. காலில் கிடந்தது தேய்ந்துபோன ரப்பர் செருப்பு.

“நடக்கிறதுக்கு இது. வாசல்ல ஏறுறப்ப அது. கையிலயே வச்சிரு” என்றாள்.

அன்று பகல் முழுக்க இதே கூத்துதான். வாடகைக்கு என்று சிங்களத்தில் எழுதிய அட்டை எந்த வாசலில் தொங்கினாலும் கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிடுவாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாற்றுவாள். முந்தானையை இழுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, இப்போதுதான் காரை விட்டு இறங்கியவள் மாதிரி நடந்து போவாள். இல்லை என்று சொல்லி அனுப்பியதும் தெருமுனையில் மறுபடி ரப்பர் செருப்புக்கு இறங்கிவிடுவாள்.

நான் நடுத்தெருவில் பொம்பளைச் செருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னைச் செருப்பு வியாபாரி என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அக்காவிடம் கோபத்தைக் காட்டி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் இதுவரை கிடையாது.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் என் புராணமே பாடுகிறேன் என்று வீட்டில் ஒரே குறை. சரி, இந்த வாரம் அக்கா புராணம்.

எதற்காக இந்த நடை

ரொம்பப் பழைய கதை இல்லை. பெட்ரோல் வரிசையெல்லாம் ஓய்ந்து, ஏறிய விலை இறங்காமல் அப்படியே நின்றுவிட்ட காலம். மழைக்காலம் வேறு. இரத்தினபுரியில் எப்போதுதான் மழைக்காலம் இல்லை?

எங்கள் தேயிலைத் தோட்டம் ஓப்பநாயக்கப் பக்கம். அக்கா அங்கேதான் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், இருக்கிறாள். மச்சானுக்குக் கொழுந்து லொறியில் வேலை. நான் பெல்மதுளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன்.

அக்கா பல வருஷம் கார்மெண்ட் ஃபெக்டரியில் தைத்தாள். காலர் மட்டும். சட்டையின் மற்றப் பகுதியெல்லாம் வேறு ஆட்கள். ஓடர் குறைந்து ஆட்களை நிறுத்தினபோது அவளையும் நிறுத்தினார்கள். அழுவாள் என்று பார்த்தேன். அடுத்த கிழமையே தன்னுடைய ரவிக்கை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துப்போட்டு, துண்டுகளைப் பழைய பேப்பரில் வைத்து வரைந்து, மறுபடி தைத்து, மறுபடி பிரித்து, மிச்சத்தையும் தானே கற்றுக்கொண்டாள். எனக்கு ஒரு பொத்தான் அறுந்தால் சட்டையையே மாற்றிவிடுவேன். அதனால் இதைச் சொல்லும்போது எனக்கே பெருமையாக இருக்கிறது.

ஆனால் லயத்தில் தைத்துப் பிழைக்க முடியுமா? அங்கே எல்லாரும் சொந்தம். சித்தி மகள், அத்தை மருமகள், மாமா கொழுந்தியாள். சொந்தத்திடம் கூலி கேட்க வாய் வராது. வாய் வந்தாலும் கூலி வராது.

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற பெண் ஒருத்தி லயத்துக்கு வந்துபோனாள். வீட்டு வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். அக்கா மெடிக்கலும் முடித்துவிட்டாள். திங்கட்கிழமை பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பயணம் உறுதி.

அவளுக்கு ஒரே மகள், தர்ஷினி. நாங்கள் பாப்பா என்போம். பள்ளிக்கூடம் போவது, வருவது எல்லாம் தோழி சுபாவோடுதான். பாப்பாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்ல அக்காவுக்குத் தைரியம் வரவில்லை. யாரும் மூச்சுவிடக் கூடாது என்று லயத்துக்கே சத்தியம் வாங்கி வைத்திருந்தாள்.

திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இருந்தது. டவுனில் ரோட்டைப் பார்த்த முன்னறை ஒன்று கைக்கு எட்டின வாடகைக்குக் கிடைத்தால் தையல் கடை. கிடைக்காவிட்டால் பிளேன். அவள் முடிவு அவ்வளவுதான். மச்சானுக்கு லீவு இல்லை. துணைக்கு ஒரு ஆம்பளை வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டாள். நீ பேச வேண்டாம், நின்றால் போதும் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள்.

சமதரை மயக்கம்

நான் நினைத்தது, ஆளைப் பார்த்து விசாரித்து நாலைந்து இடம் போவோம் என்று. அக்கா அப்படி இல்லை. கொழுந்து எடுக்கிறவர்கள் நிரை பிடிப்பார்கள் அல்லவா, அதேபோல் தெருவைப் பிடித்தாள். ஒரு பக்கமாக ஏறி, மறுபக்கமாக இறங்கி, அதன் பிறகே அடுத்த சந்து. ஒரு நிரையை முடிக்காமல் அடுத்ததுக்குத் தாவக் கூடாது. த்ரீவீலுக்குக் கொடுக்கக் காசு இல்லாததால் இது எங்களுக்குத் தோதாகவும் இருந்தது.

இப்படிப் போய் ஆற்றுப் பக்கம் இறங்கினோம். அங்கே ஒரு சந்து. அடடா, என்ன இடம்! பாய் விரித்ததுபோலச் சமதரை. மலையில் பிறந்த எங்களுக்குச் சமதரையைக் கண்டால் மயக்கம். மழை பெய்தால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டைத்தான் எங்கள் கண் முதலில் தேடும். எப்போது சரியும், பிள்ளைகளை எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுவது என்று எங்கள் அம்மா எங்களுக்கு நடந்தே காட்டியிருக்கிறாள்.

“பின்னால மலையே இல்ல பாரேன்” என்றாள் அக்கா, ஏதோ புதையலைக் கண்டவள் மாதிரி.

அறையும் பெரியது. வாடகை குறைவு. வீட்டுக்காரர் அட்வான்ஸ் பற்றியே பேசவில்லை. அக்கா ஜன்னலோரம் மெஷின், மூலையில் துணி அலுமாரி என்று கையாலேயே எல்லாவற்றையும் வைத்து முடித்துவிட்டாள். நானும் தலையாட்டினேன். யோசித்துச் சொல்கிறோம் என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எதிரே இருந்த கடையில் பிளேன்டீ குடிக்கப் போனோம்.

டீ ஆறுவதற்குள் அக்கா என்னை இடித்தாள். கடைச் சுவரில் பிளக் பொயின்ட் எல்லாம் கூரைக்குப் பக்கத்தில் இருந்தன. ஃபிரிட்ஜின் வயர் அவ்வளவு தூரம் ஏறிப் போயிருந்தது. ஏன் இப்படி என்று சிங்களத்தில் கேட்டாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார். களு கங்கை பெருகினால் தண்ணீர் அதுவரைக்கும் வருமாம். வருஷம் தவறினாலும் தவறும், அதிகம் தவறாதாம். சந்து முழுக்க இப்படித்தானாம்.

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மேலேயிருந்து மண் வரும் என்று பயந்தே வளர்ந்த எங்களுக்குக் கீழேயிருந்து தண்ணீர் வரும் என்று தோன்றவே இல்லை. டவுன்காரர் எவரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள்.

சும்மா கிடைத்த சுகங்கள்

ஒன்றைச் சொல்ல வேண்டும். இவ்வளவு நாள் இரத்தினபுரிக்குப் போய் வந்திருக்கிறேன். பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, திரும்ப பஸ் நிலையம். அந்த ஊரின் அழகை அன்றுதான் பார்த்தேன்.

காலையில் மழை விட்டிருந்த நேரம், மேட்டுத் தெரு ஒன்றின் திருப்பத்தில் சிவனொளிபாதமலை முழுசாகத் தெரிந்தது. தெருவில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் பார்க்கிறவர்கள். நாங்கள் மட்டும் நின்று கும்பிட்டோம்.

இரத்தினக் கல் வியாபாரிகள் கூட்டம் கூட்டமாக நிற்கிற தெருவில் ஒருவர் எங்களை வழிமறித்தார். தோட்டத்து ஆட்கள் மண் வெட்டும்போது கிடைத்ததைக் கொண்டுவருவது உண்டு. விற்கக் கல் இருக்கிறதா என்றார். இல்லை, உங்களிடம் இருப்பதைப் பார்க்கலாமா என்று அக்கா திருப்பிக் கேட்டாள். நான் பதறிப்போனேன். அவரோ மடித்த பேப்பரைப் பிரித்து ஒரு நீலக் கல்லை அவள் உள்ளங்கையில் வைத்தார். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தாள். இந்த நீலத்தில் நூல் எங்கேயும் கிடைக்காது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அந்த மனுஷர் சந்தோஷப்பட்டுப் பக்கத்தில் நின்றவரிடமும் அதைச் சொன்னார்.

சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரொட்டியும் சம்பலும். ஒரு பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து, மழையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். சின்ன வயதுக்குப் பிறகு நானும் அக்காவும் மட்டுமாக இருந்து சாப்பிட்டது அன்றுதான். அவள் பெரிய துண்டை எனக்குத் தந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல பசி.

அதற்குள் பாதி டவுன் முடிந்திருந்தது. கேட்ட இடமெல்லாம் ஒரு வருஷ அட்வான்ஸ், அல்லது மெஷின் சத்தம் ஆகாது, அல்லது நேற்றுத்தான் கொடுத்தோம். அக்கா சிரிப்பது குறைந்துகொண்டே வந்தது.

வாய்க்குள் போன தமிழ்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

தோட்டத்துக் கேட்டைத் தாண்டினால் நாங்கள் சிங்களம். பஸ்ஸில், கடையில், அரசாங்கக் கச்சேரியில், எங்கேயும். எங்கள் சப்ரகமுவவில் சுற்றிவரச் சிங்கள ஊர்கள். நடுவில் கொஞ்சமாக நாங்கள். நுவரெலியாக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்கு என்ன, டவுனிலும் சத்தமாகத் தமிழ் பேசலாம்.

எங்கள் அம்மா சின்ன வயதில் இனக்கலவரம் பார்த்தவள். பஸ் ஏறும் முன்பே எங்கள் நெற்றியைத் துடைத்துவிடுவாள். பஸ்ஸுக்குள் வாய் தவறி ‘அம்மா’ என்று கூப்பிட்டால் தொடையில் கிள்ளு விழும். அக்காவுக்கும் எனக்கும் இப்போது அந்தப் பயம் இல்லை. பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் டவுனுக்குப் போகும்போது அக்கா பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுத்தான் புறப்படுவாள். தெருவில் எங்களுக்குள்ளும் சிங்களம்தான் பேசுவோம். இதுவரை அக்கா தெருவில் சொன்னதையெல்லாம் நான்தான் இங்கே தமிழாக்கினேன். யாருக்கும் விளங்கக் கூடாத ரகசியம் என்றால் மட்டும் தமிழ்.

ஃபெக்டரியில் பழகிய சிங்களம் அக்காவுக்கு. கேட்டால் தோட்டத்துப் பெண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவ்வளவு நயமாகப் பேசுவாள்.

மேட்டு வீடு

பின்னேரம், கால் இனி என்னால் முடியாது என்று சொல்லிய நேரத்தில், ஒரு மேட்டுத் தெருவில் அந்த அட்டையைக் கண்டோம். ரோட்டைப் பார்த்த முன்னறை. தனி வாசல். பின்னால் மண்மேடு இல்லை. பிளக் பொயின்ட் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. இந்த முறை முதலில் அதைத்தான் பார்த்தோம்.

வீட்டுக்கார அம்மா நீளக் கவுன் போட்டு, தலை குளித்துத் துண்டு கட்டியிருந்தார். அக்காவை ‘நங்கி’ என்று கூப்பிட்டார், சிங்களத்தில் தங்கச்சி என்று. அக்கா அவரை ‘அக்கே’ என்றாள். என்ன மரியாதை, என்ன இனிப்பு! அறை தையலுக்கா என்று அவர் கவலையோடு கேட்டார். ஆமாம் என்று அக்கா பணிவோடு சொன்னாள். முன்பு ஒரு தையல்காரன் சொல்லாமல் ஓடிப்போனானாம், அதனால் மனசு வரவில்லையாம். ஃபோன் கடைக்காரர் ஒருவர் சாயங்காலம் அட்வான்ஸோடு வருகிறாராம். மன்னிக்க வேண்டுமாம். பரவாயில்லை, உங்கள் நேரத்தை வீணாக்கிவிட்டோம் என்றாள் அக்கா.

நான் அவள் பக்கம் சாய்ந்து, “வாக்கா போவோம். இது மசியாது” என்றேன், தமிழில்.

அக்கா அசையவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு சொன்னாள்:

“இருடா. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போறேன். இதுதான் கடைசி. இதுவும் இல்லேன்னா திங்கக்கிழம பாஸ்போர்ட்ட குடுத்துருவேன். பாப்பாகிட்ட என்னான்னு சொல்லுவேன்? ராத்திரியில என் கையப் புடிச்சிக்கிட்டுத்தான் இன்னமும் தூங்குது.”

நான் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன்.

“புள்ளைக்கு எத்தின வயசு?” என்று கேட்டார் வீட்டுக்கார அம்மா.

“பதினொன்னுங்க” என்றாள் அக்கா.

அதற்குப் பிறகுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அந்த அம்மா அக்காவின் வெறும் நெற்றியைப் பார்த்தார். அக்கா அவர் தலையில், முக்காடு இருந்திருக்க வேண்டிய இடத்தில் இருந்த துண்டைப் பார்த்தாள். சோனக முஸ்லிம் வீட்டில் நின்றுகொண்டு, தமிழ் பேசுகிற இரண்டு பெண்கள், அவ்வளவு நேரமும் ஒருவரையொருவர் சிங்களத்தி என்று நினைத்துக்கொண்டு, அவ்வளவு கஷ்டப்பட்டு மரியாதை செய்துகொண்டிருந்தார்கள்.

“அல்லாவே, இத மொதல்லயே செல்லி ஈக்கலாமே” என்றார் அவர். நான் சொன்ன ‘மசியாது’ம் அவருக்கு விளங்கியிருக்கும். நான் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அவர் உள்ளே வரச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. கதவில் கை வைத்தபடியே சொன்னார்:

“நானும் போனவதான், சவூதிக்கி. போற நேரம் மகனுக்குப் பால் பல்லு விழல்ல. வந்து பாத்தா மீச. இந்த வீடு அந்தச் சல்லியில கட்டினதுதான்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “வீடு நல்ல வீடு” என்றார்.

அக்காவின் கண் நிறைந்திருந்தது.

தமிழில் பேரம்

இனி அந்த அம்மா மனம் இளகி அறையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நடந்தது வேறு.

சிங்களத்தில் அவ்வளவு இனிப்பாக இருந்த இரண்டு பேரும் தமிழுக்கு வந்ததும் சந்தைக்கு வந்த மாதிரி ஆகிவிட்டார்கள். சும்மா தருவதாக நினைக்க வேண்டாம் என்று அவர் ஆரம்பித்தார். சும்மா கேட்கவில்லை என்று அக்கா எகிறினாள். வருஷ அட்வான்ஸ் என்றார். அப்படியானால் அந்த ஃபோன் கடைக்காரருக்கே கொடுங்கள் என்றாள். அப்படி ஒரு ஆளே இல்லை, வேண்டாதவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்கிற பொய் அது என்று அவர் கூச்சமே இல்லாமல் ஒப்புக்கொண்டார்.

கரண்ட் பில் யார் கட்டுவது, பெயர்ப்பலகை எவ்வளவு பெரிது, மழைத் தண்ணீர் வாசலில் நின்றால் யார் கூட்டுவது, எல்லாவற்றுக்கும் சண்டை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரம் மெஷினை நிறுத்த வேண்டும் என்றார். அதை அக்கா உடனே சரி என்றாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேரத்தோடு பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போவேன் என்றாள். அதை அவர் உடனே சரி என்றார்.

சரியாகத் தைப்பாயா என்பதுதான் கடைசிக் கேள்வி. அக்கா அவர் கவுனைக் காட்டி, கழுத்து ஒரு பக்கம் இழுக்கிறதே, யார் தைத்தது என்று கேட்டாள். அவர் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்ப் பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டைத் துணியைக் கொண்டுவந்து அக்கா கையில் வைத்தார்.

அட்வான்ஸ் அக்கா சொன்ன மாதிரியே சில மாதத்துக்குத்தான். வாடகை அவர் சொன்ன மாதிரியே. அக்கா அன்றைக்குக் கையில் இருந்ததைக் கொடுத்தாள். திங்கட்கிழமை மெஷினோடு வருவதாகப் பேச்சு.

என் அக்காவை எனக்குப் பிறந்த நாள் முதல் தெரியும். ஆனால் மனசு உடைந்து சொன்ன அந்த வார்த்தைகளுக்குப் பிறகு, கண்ணைத் துடைக்காமலே நின்று, யாருடைய இரக்கத்தையும் வாடகையில் கழிக்க விடாமல் பேசி முடித்தாளே, அந்த அக்காவை அன்றுதான் பார்த்தேன். அவளைப்போல ஒருத்திக்குத் தம்பியாக இருப்பது லேசான காரியம் இல்லை. நல்ல செருப்பிலேயே இறங்கி வந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

பஸ் நிலையத்தில்

பலாங்கொடை பஸ் நின்றது. ஏறவில்லை. முதலில் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்றாள். மச்சானின் ஃபோனுக்கு எடுத்தாள். எடுத்தது பாப்பா. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“பாப்பா, அம்மாவுக்கு டவுன்ல கடை கெடைச்சிருச்சி. இனிமே அம்மா அங்கதான் தைக்கப்போறேன். காலையில போயி அந்திக்கு வந்துருவேன்.”

பஸ் நிலையம் முழுக்கக் கேட்கிற தமிழ். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கவனிக்கவில்லை.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்தோம்.

“தெனமும் வந்துருவியா?” என்று கேட்டாள் பாப்பா.

“தெனமும்.”



“அப்ப பாஸ்போர்ட்ட சுபா வீட்ல இருந்து வாங்கிட்டு வந்துறவாம்மா?”

அது தன் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது என்றுதான் அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் என்னைப் பார்த்தாள். பஸ் கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான்.

“அங்கயே இருக்கட்டும் பாப்பா” என்றாள்.